நெற்றியில் வைத்த டெஸ்டர்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த வாரம் உண்மையாகவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீயே முடித்து, அடுத்ததையும் நீயே ஆரம்பித்துவிடுவாய். தாளில் உன் வாய் செல்லாது, அதனால் எழுதுகிறேன். அப்பா இதைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், தாளும் பின்னால் தபாலில் வந்து சேரும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியில் மடித்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாய். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது, ரொம்பவே பிடித்திருக்கிறது, இந்தக் கல்யாணத்துக்கு உன்னைவிட நான்தான் அதிகமாகப் பறந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு நீ மண்டபத்தின் படத்தையும் நீங்கள் இருவரும் நிற்கிற படத்தையும் அனுப்பிவிட்டு ஆசையாகக் கூப்பிட்டபோது நான் எரிந்து விழுந்தேனே, எதுக்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டேனே, நடுவில் அழுதுகொண்டே போனை வைத்தேனே, அதற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் கண்ணாடி கோணலாக இருக்கிறது என்று நான் சொன்னதை, ஆளையே குறை சொன்னதாக நீ எடுத்துக்கொண்டாய். கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்கையும் காதையும் பார்த்தே காலம் தள்ளுகிறவளுக்கு ஒரு படத்தைக் காட்டினால் வேறு என்ன முதலில் கண்ணில் படும். அன்று சாயங்காலமே நீ அப்பாவுக்கு அனுப்பியதை அவர் என்னிடம் காட்டினார். "அம்மாவுக்குப் பிடிக்கலைன்னா தள்ளி வச்சிடலாம்பா, அவங்க மனசு மறுபடி கெட்டுப்போனா என்னால தாங்க முடியாது" என்று எழுதியிருந்தாய். அதற்கு உன் அப்பா யோசித்து யோசித்து அனுப்பிய பதில், "வீட்ல கரண்ட் வேலை நடக்குது, முடிஞ்சதும் அம்மா பேசுவா" என்பது. அதைப் படித்துவிட்டு நீ அங்கே என்ன பாடு பட்டாயோ தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை பேசினோம், பயணச்சீட்டு, துணி, விருந்து என்று எல்லாம் பேசினோம், ஆனால் நீ ஈரத் தரையில் நடக்கிற மாதிரி வார்த்தை வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாய். என் வாயாடி அப்படிப் பேசினால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த மனசு மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, டாக்டரிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை, ஒரு காலையில் நானாகவே நிறுத்தினேன். காரணம் கேட்டால் சிரிப்பாய். உன் மாமியாராகப் போகிறவர் என்னோடு போனில் பேசும்போது, நாங்கள் வந்து தங்கப்போகும் அறையைப் பற்றி வாய் நிறையச் சொன்னார், மெத்தை மாற்றியிருப்பதாகவும், குளியலறையில் கண்ணாடிக்குப் பக்கத்துத் தட்டில் மேல் வரிசையை எனக்கென்று ஒழித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். எனக்கு உடனே கண் முன்னால் வந்தது அந்தத் தட்டில் என் மாத்திரை அட்டை உட்கார்ந்திருக்கிற காட்சிதான். அவர் வீட்டு ஆட்கள் பல் தேய்க்க வருவார்கள், பார்ப்பார்கள், பெயரைப் படிப்பார்கள், பெண்ணின் அம்மாவுக்கு இப்படியாமே என்று ஆரம்பிக்கும். நானும் இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், தூக்கம் வருகிறது, கடைக்குப் போகிறேன், சிரிக்கிறேன், இன்னும் எதற்கு இது, கல்யாணத்துக்குக் கைவீசிக்கொண்டு போவோம் என்று அட்டையைத் துணி அலமாரியில் குளிர்காலச் சட்டைகளுக்கு அடியில் தள்ளினேன். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. ஆகா, இவ்வளவுதானா என்று எனக்குள்ளேயே ஒரு மிதப்பு.

அப்புறம் ஒரு நாள் கடையில், ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு ஃப்ரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சுவர்க் கண்ணாடியில் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பினேன், தலைக்குள் சுரீர் என்று ஒரு வெட்டு. வலி என்று சொல்ல முடியாது. கரண்ட் அடித்த மாதிரி ஒன்று பின்மண்டையில் ஆரம்பித்து உதடு வரை ஓடி நின்றது, ஒரு நொடி எல்லாமே நின்று மறுபடி ஓடியது. அந்த அம்மாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் பாவம், அதுவும் அளவெடுக்கிற முறை போல என்று பேசாமல் இருந்தார். அதிலிருந்து கண்ணைத் திருப்பும்போதெல்லாம் வந்தது. தரை மெத்தை மாதிரி அமுங்கியது, வயிற்றைப் புரட்டியது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்த்துக் கொட்டியது. கண்ணைத் திருப்பினால் வருகிறது, அப்படியென்றால் கண்ணாடிதான் காரணம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன், வேறு எப்படி யோசிப்பேன். முதலாளியை உட்காரவைத்து என் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன், பவர் மாறவில்லை என்றார். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பார்த்தார், அதே. மூன்றாவது தடவை கேட்டபோது, "அம்மா, அந்த எழுத்தையெல்லாம் நீங்க மனப்பாடம் பண்ணிட்டீங்க, இனிமே கண்ண மூடிக்கிட்டே படிப்பீங்க" என்றார். அவர் பேச்சைக் கேட்காமல் புது ஃப்ரேமும் லென்ஸும் போட்டுக்கொண்டேன். புதுக் கண்ணாடியில் அதே ஷாக் இன்னும் தெளிவாக அடித்தது.

வீட்டில் இஸ்திரி போடும்போது வந்தது, ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது வந்தது. அப்பாவிடம் போய், எனக்கு ஷாக் அடிக்கிறது என்று சொன்னேன். எலெக்ட்ரீஷியன் பெண்டாட்டி போய் எலெக்ட்ரீஷியனிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று நீயே பார்த்துக்கொள். மனிதர் முகத்தில் ரத்தம் இல்லை. ஊர் முழுக்க வயரிங் செய்கிறவர் வீட்டில் சொந்தப் பெண்டாட்டிக்கு ஷாக் அடிப்பதா. மெயினை அணைத்தார், ஸ்விட்ச் போர்டு ஒவ்வொன்றையும் கழற்றினார், ஃப்ரிட்ஜை இழுத்துப் பின்புறத்தை முன்புறமாக்கினார், எனக்கு ரப்பர் செருப்பு வாங்கிவந்து வீட்டுக்குள் அதைக் கழற்றவே கூடாது என்று உத்தரவு போட்டார். வீடெல்லாம் டெஸ்டரை வைத்துப் பார்த்து எங்கேயும் விளக்கு எரியாமல் போனதும், கடைசியில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து என் நெற்றியிலேயே டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. அதில் அவருக்கு ஒரு ஏமாற்றம் வேறு. பிறகு, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்திங்தான் கெட்டிருக்கிறது என்று வீட்டுக்குப் பின்னால் குழி வெட்ட இறங்கினார், நடுவில் பாறை வந்தது, அதையும் உடைத்தார், குழியில் போட உப்பும் கரியும் மூட்டையாக வந்து இறங்கின. நீ அந்தப் படங்களை அனுப்பிக் கூப்பிட்டது சரியாக அந்த நேரத்தில்தான். நான் ரப்பர் செருப்போடு, தலை சுற்ற, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த வாரம் நான் எதற்கெல்லாம் அழுதேன் தெரியுமா, தரை துடைக்கிற மருந்து விளம்பரத்துக்கு அழுதேன், அதில் ஒரு தகப்பன் மகளுக்காகத் தரையைத் துடைக்கிறான், அவ்வளவுதான். கனவுகள் வேறு, அப்படியொரு தெளிவு. உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாருக்கும் மூக்கே இல்லை, எல்லோருக்கும் நான் கண்ணாடி மாட்டியாக வேண்டும், மாட்ட மாட்ட விழுகிறது. அப்படி எழுந்தவளிடம் நீ மண்டபத்துக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்.

உன் செய்தியைக் காட்டிவிட்டு அப்பா குழி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளுக்குள் நடுங்கிப்போயிருந்தேன், மறுபடியும் அந்தப் பழைய இருட்டு வந்துவிட்டது, இனி கல்யாணத்துக்கு எப்படிப் போவேன், என்னால் இந்தப் பெண் தன் கல்யாணத்தையே தள்ளி வைக்கிறேன் என்கிறாளே என்று. அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கடையிலும் ஷாக் அடிக்கிறதா என்று கேட்டார். அடிக்கிறது என்றேன். தெருவில் நடக்கும்போது? அதுவும்தான் என்றேன். "மூணு இடத்துல ஃபால்ட்டுன்னா, மூணுக்கும் பொதுவா எது இருக்குன்னு பாக்கணும், பொதுவா இருக்கறது நீதான்" என்றார். அப்புறம் வாடிக்கையாளர் எல்லோரிடமும் கேட்பாரே, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். "இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி புதுசா எதையாவது மாட்டினியா, இருந்ததுல எதையாவது கழட்டினியா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது, நம்பு, அதுவரை அந்த அட்டைக்கும் இந்த ஷாக்குக்கும் நான் முடிச்சுப் போடவே இல்லை. கழட்டினேன் என்றேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் இந்தப் பாறையை உடைச்சிருக்க வேண்டாமே" என்றார். அந்தக் குழி ஓரத்தில் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம், சிரித்து முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அவரும்தான்.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவிடம் போனோம். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு, பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாழப் பிடிக்காத மாதிரி எண்ணம் ஏதாவது வருகிறதா என்று நேருக்கு நேராகக் கேட்டார், அப்பா என் கையை நசுக்கிவிட்டார். இல்லை டாக்டர், மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும், அதற்குள் தலை நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் சொன்னது, உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியபின் அதை ஒரேயடியாக நிறுத்தினால் இப்படியெல்லாம் வரும், ஷாக், தலைச்சுற்றல், கனவு, அழுகை, கோபம் எல்லாம் அந்த வகைதான், நிறையப் பேருக்கு வருகிறது, போதைக்கு அடிமையான மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம் என்றார். பழைய நோய் திரும்பிவிட்டதோ என்று கேட்டேன். நிறுத்திய சில நாட்களிலேயே வந்ததும், முன்னால் இல்லாத ஷாக்கும் சுற்றலும் சேர்ந்து வந்ததும் நிறுத்தியதன் விளைவு என்றுதான் காட்டுகிறது, ஆனாலும் கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார். அவர் சொன்னதும் எனக்கே ஒன்று விளங்கியது. அந்தக் கெட்ட வருடத்தில் எனக்கு அழக்கூட வரவில்லை, உனக்கே தெரியும், நீ போனில் என்ன சொன்னாலும் உம் கொட்டிக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பேன். அப்போது நீ கல்யாணம் என்று சொல்லியிருந்தால் சரி என்று மட்டும் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை ஆசை அப்படியே இருந்தது, தலைதான் சுற்றியது. கோபம் வந்ததுகூட நீ சொன்ன ஒவ்வொன்றிலும் எனக்கு அக்கறை இருந்ததால்தான்.

மறுபடி மாத்திரையை ஆரம்பித்துக் கொடுத்தார், எவ்வளவு என்று அவரே முடிவு செய்தார். விட வேண்டும் என்றால் விடலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில், தொந்தரவு வந்தால் அந்த இடத்தில் நின்று, அப்புறம் இறங்கலாம், பயணமும் கல்யாணமும் இருக்கிற நேரத்தில் அதை ஆரம்பிக்கவே வேண்டாம், போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வாங்க என்றார். உன் அப்பா சும்மா இருப்பாரா, "புரியுதுங்க டாக்டர், மெயினை டப்புனு அணைக்கக் கூடாது, ரெகுலேட்டர் மாதிரி மெதுவா குறைக்கணும்" என்று அவருக்கே பாடம் எடுத்தார். அந்தம்மா சிரித்துக்கொண்டே, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து தெருவில் பார்க்கிறவரிடமெல்லாம், பெண்டாட்டிக்கு வைத்தியம் பார்த்ததில் பாதி தனது என்கிற மாதிரி நடக்கிறார்.

எல்லாம் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை, மெல்ல மெல்லத்தான் அடங்கியது. படுக்கையிலிருந்து படக்கென்று எழாமல் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தேன், கண்ணை மட்டும் திருப்பாமல் கழுத்தையும் சேர்த்துத் திருப்பக் கற்றுக்கொண்டேன், அப்பா என்னை ஆந்தை என்று கூப்பிட ஆரம்பித்தார். வயிற்றைப் புரட்டினால் ஒரே தட்டாகச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் இருவரும் தெருக்கோடி வரை நடந்தோம், பிடித்துக்கொள்ள அவர் கை இருந்தது, அந்தச் சாக்கில் பல வருடத்துக்குப் பிறகு கை கோத்து நடந்தோம் என்று வைத்துக்கொள். முதலாளியிடமும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சரியாகும் வரை வாடிக்கையாளரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் நான் உட்கார்ந்து திருகாணி மாற்றுகிற வேலையைப் பார்த்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். ஒரு நாள் சாயங்காலம், தெருவில் போன சைக்கிள் ஒன்றைக் கண்ணாலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தொடர்ந்து பார்த்துவிட்டு, தலைக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. உள்ளே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு பேருமாக வாசலுக்கு வந்து இன்னொரு சைக்கிள் வரக் காத்திருந்து மறுபடி பார்த்தோம்.

இனி உன் மாமியார் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நானே அவரைக் கூப்பிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபித்துக்கொள்ளாதே, உடம்பு என்னுடையது, சொல்ல வேண்டியவளும் நான்தான். நான் மனசுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு காலத்தில் ரொம்ப முடியாமல் இருந்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன், அங்கே வரும்போது அதையும் எடுத்துக்கொண்டு வருவேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்புறம், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டுக்குப் பின்னால் என்றேன். "எங்க வீட்ல லீவு நாள்னா சாப்பிட ரொம்ப நேரம் ஆயிடும், உங்களுக்கு மட்டும் சீக்கிரமே பண்ணிடறேன், நானும் கூட உக்காந்துக்கறேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார், குளியலறைத் தட்டில் நீராவி ஏறும், மாத்திரை கெட்டுவிடும், படுக்கைப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுத் தண்ணீர்ச் செம்பும் வைத்துவிடுகிறேன் என்று. நான் எந்தத் தட்டை நினைத்து இத்தனை கூத்து அடித்தேனோ, அந்தத் தட்டையே அந்தம்மா வேண்டாம் என்றுவிட்டார். நீ நல்ல வீட்டுக்குத்தான் போகிறாய். அதை நினைத்து எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஆகவே நாங்கள் வருகிறோம், குறித்த நாளில், குறித்த விமானத்தில். திரைக்கு அந்த மஞ்சள் நிறமே போடு, அன்றைக்கே எனக்கு அது பிடித்திருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, கல்யாணத்துக்கு இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்காதே, தைத்த உடை தொளதொளத்தால் ஊசி பிடித்து ஓடப்போவது நான்தான். மாப்பிள்ளையிடம் சொல், என் சின்னத் திருகாணிக் கருவியும், மூக்கில் பதிகிற ரப்பர் ஒரு ஜோடியும் கொண்டுவருகிறேன், வந்த அன்றே அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அந்தக் கண்ணாடியை நேராக்கியாக வேண்டும், கல்யாணப் படம் எடுப்பதற்கு முன்னால் அது நடக்க வேண்டும். அப்பாவும் டெஸ்டரைப் பெட்டியில் வைத்துவிட்டார். சம்பந்தி வீட்டு எர்த்திங் எப்படி என்று விசாரிக்கச் சொல்கிறார், நீ விசாரிக்க வேண்டாம். பின்னால் வெட்டிய குழியை அவர் மூடவில்லை, எடுத்த காரியத்தை முடிப்பேன் என்று உப்பும் கரியும் போட்டுக் கம்பியை இறக்கியே விட்டார், இந்தத் தெருவிலேயே மிகப் பத்திரமான வீடு இப்போது நம்முடையது.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். பழையபடி நீ குறுக்கே பேசு, கத்து, என்னோடு சண்டை போடு, என்னை உடைகிற பொருள் மாதிரிப் பிடிக்காதே. எனக்கு ஏதாவது சரியில்லை என்றால் இனி முதலில் உனக்குச் சொல்வேன், நீயும் அப்படியே எனக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் இருவரும் நூறு விதமாகச் சண்டை போட்டு நூறு விதமாகச் சிரித்து நிறைவாக வாழ வேண்டும், இது என்னுடைய ஆசி மட்டும் இல்லை, பக்கத்தில் நின்று எழுத்தை எண்ணிக்கொண்டிருக்கிற அப்பாவுடையதும்தான். கல்யாணத்தன்று நான் அழுவேன், நிறைய அழுவேன், இப்போதே சொல்லிவைக்கிறேன். அன்றைக்கு ஓடிவந்து மாத்திரை போட்டாயா என்று கேட்காதே. போட்டிருப்பேன். அது வெறும் சந்தோஷம்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க இப்போதே பெட்டியை மூன்று தடவை அடுக்கிப் பிரித்த
உன் அம்மா